தெற்கே காலியாக இருந்த இடம்

நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் தீவு என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதே பாடத்தில், நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஆஸ்திரேலியா ஒரு கண்டம் என்றும், நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கிரீன்லாந்து உலகின் மிகப் பெரிய தீவு என்றும் படிக்கிறோம். ஏன் என்று கேட்டால் ஆஸ்திரேலியா பெரியது என்பார்கள். பெரியதுதான்: சுமார் 76 லட்சம் சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து 21.6 லட்சம். எத்தனை லட்சத்தைத் தாண்டினால் தீவு கண்டமாகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வராது, ஏனென்றால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியா கண்டமானதற்கு அதன் அளவு பாதிக் காரணம் என்றே வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி வரலாறு. தெற்கே ஒரு கண்டம் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை ஐரோப்பியரிடம் நூற்றாண்டுகளாக இருந்தது. தேடிப் போனவர்களுக்கு அந்தக் கண்டம் கிடைக்கவில்லை. கிடைத்த நிலத்துக்கு அதன் பெயரையும் பதவியையும் கொடுத்துவிட்டார்கள்.

பழைய உலகம் நிலத்தையும் கடலையும் இரண்டு விதமாகக் கற்பனை செய்தது. கடல் நிலத்தைச் சூழ்ந்திருக்கிறது என்பது ஒன்று. நம் புராணங்களின் ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் இந்த வகை. அங்கே நாவலந்தீவு உட்பட நிலமெல்லாம் தீவுதான், கண்டத்துக்கு வேலையே இல்லை. கிரேக்கரிலும் ஸ்டிராபோ போன்றவர்கள் மனிதர் வாழும் உலகம் முழுவதையும் ஒரு பெருந்தீவாகவே கண்டார்கள். நிலம்தான் கடலைச் சூழ்ந்திருக்கிறது என்பது மற்றது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, ஆப்பிரிக்காவின் தெற்கையும் ஆசியாவின் கிழக்கையும் பெயர் தெரியாத ஒரு நிலத்தால் இணைத்து, இந்தியப் பெருங்கடலை ஏரியைப் போல அடைத்துவிட்டார். 1488-இல் பார்த்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றியபோது அந்தக் கரை உடைந்தது. தாலமியின் தெற்கு நிலமோ மறையவில்லை, இன்னும் தெற்கே தள்ளிப்போனது. 1569-இல் மெர்காட்டர் வெளியிட்ட உலக வரைபடத்திலும் 1570-இல் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட நிலப்படத் தொகுப்பிலும் தென்துருவத்தைச் சுற்றிக் கடற்கரை, முனை, வளைகுடா எல்லாம் போட்ட ஒரு பெருங்கண்டம் விரிந்து கிடக்கிறது. வடக்கே உள்ள நிலத்தின் எடைக்கு ஈடாகத் தெற்கிலும் நிலம் இல்லாவிட்டால் பூமி சமநிலையில் நிற்காது என்பது அதற்குச் சொன்ன காரணம். பேருந்தின் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல, யாரும் ஏறுவதற்கு முன்பே ஓர் இருக்கை பிடிக்கப்பட்டுவிட்டது.

அந்த இருக்கைக்கு உரிமை கோரும் நிலத்தை முதலில் தொட்டவர்கள் டச்சு வணிகர்கள். அவர்களுக்குக் கண்டம் தேவைப்படவில்லை, கிராம்பும் ஜாதிக்காயும்தான் தேவைப்பட்டன. 1606-இல் வில்லெம் யான்சோன் 'டைஃப்கென்' என்ற சிறு கப்பலில் ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையைக் கண்டார். நியூகினியின் தொடர்ச்சி என்று நினைத்துத் திரும்பிவிட்டார். பிறகு ஜாவாவுக்குப் போகும் டச்சுக் கப்பல்கள் தெற்கே இறங்கி மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடும் வழிக்கு மாறின. வடக்கே திரும்ப வேண்டிய இடம் கணக்குத் தப்பினால் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவில் போய் நிற்கும். 1616-இல் டிர்க் ஹார்டோக் அப்படித்தான் ஒரு தீவுக்கு வந்து சேர்ந்தார். வந்ததற்கு அடையாளமாக ஒரு ஈயக்கலவைத் தட்டைத் தட்டையாக்கிப் பெயர்களைப் பொறித்துக் கம்பத்தில் அடித்துவிட்டுப் போனார். இப்படித் துண்டு துண்டாகக் கரைகள் சேர்ந்தன. இவற்றில் விசித்திரமான பயணம் 1642-43-இல் ஏபல் டாஸ்மன் செய்தது. மொரீஷியஸிலிருந்து கிளம்பி, தாஸ்மேனியாவையும் நியூசிலாந்தையும் கண்டு, வடக்கே வளைந்து ஜாவாவின் படேவியாவுக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியப் பெருநிலத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதை முழுவதும் சுற்றி வந்துவிட்டார்! அந்தச் சுற்றின் பொருள் முக்கியமானது. டச்சுக்காரர்கள் கண்ட கரைகள் தென்துருவக் கண்டத்தைச் சேர்ந்தவை அல்ல, தனியாகக் கடலில் கிடப்பவை என்று அது காட்டியது. அன்றைய கணக்குப்படி ஆஸ்திரேலியா அந்தப் பயணத்தோடு தீவாகிப் போனது. தென்கண்டத்தின் விளிம்பு என்ற மரியாதை டாஸ்மன் கண்ட நியூசிலாந்துக்குப் போனது.

அடுத்த நூறாண்டுக்கு மேல் இந்த நிலைமை நீடித்தது. தென்கண்டத்துக்காக விடாமல் வாதாடியவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். 1750-களில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்து, கிழக்குக் கடல்களில் பயணம் செய்து, பழைய ஸ்பானியப் பயண ஆவணங்களைத் தேடிச் சேர்த்தவர். கண்டுபிடிக்கப்படாத அந்தக் கண்டத்தில் 5 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிறார்கள் என்று அச்சிலேயே எழுதினார். இல்லாத நாட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கு எடுத்த துணிச்சல் இன்று வேடிக்கையாகத் தெரிகிறது. அன்று அதைப் படித்துச் சிரித்தவர்கள் குறைவு. அந்தக் கனவைக் கலைத்தவர் ஜேம்ஸ் குக். 1769-70-இல் நியூசிலாந்தைச் சுற்றி வந்து அது இரண்டு தீவுகள் என்று காட்டினார். இரண்டாம் பயணத்தில் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டினார். அடுத்த ஆண்டு 71 பாகைக்கும் தெற்கே போய்ப் பனியில் முட்டித் திரும்பினார். மனிதர் குடியேறத்தக்க தென்கண்டம் இல்லை என்பது உறுதியானது. ஆக, 1775-இல் நிலைமை இது: வரைபடத்தின் தெற்கே பிடித்து வைத்த இருக்கை அப்படியே காலியாக இருக்கிறது, உட்கார வேண்டியவர் வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

இதற்குள் நியூ ஹாலந்து என்று டச்சுக்காரர் அழைத்த மேற்குக் கரையும், நியூ சவுத் வேல்ஸ் என்று குக் பெயரிட்ட கிழக்குக் கரையும் ஒரே நிலத்தின் இரண்டு பக்கங்களா, இடையே கடல் ஓடும் இரண்டு தீவுகளா என்று யாருக்கும் தெரியாது. தென்கரையில் பெரும்பகுதி வெற்றிடமாக இருந்தது. அங்கிருந்து வடக்கே கார்பென்டாரியா வளைகுடா வரை ஒரு நீரிணை ஓடலாம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். அப்படி ஓடக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணமும் கிடைத்தது. 1796-இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட 'சிட்னி கோவ்' என்ற கப்பல் 1797 பிப்ரவரியில் தாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு சிறு தீவில் தட்டி நின்றது. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்திய லஸ்கர்கள். உதவி தேடிப் படகில் கிளம்பிய 17 பேர் பெருநிலத்தில் கரை ஒதுங்கி, சிட்னி வரை நடந்தார்கள். சேர்ந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களை மீட்கப் போய் வந்தவர்கள் அங்கே கண்ட வலுவான நீரோட்டம், நிலத்தின் ஊடே கடல்வழி இருக்கிறது என்ற சந்தேகத்தை நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஹன்டருக்கு எழுப்பியது. 1798-99-இல் ஜார்ஜ் பாஸும் மாத்யூ ஃபிளிண்டர்ஸும் தாஸ்மேனியாவைச் சுற்றி வந்து அதைத் தீவு என்று நிரூபித்தார்கள். ஓர் இடத்தில் கடல் புகுந்து நிலத்தை வெட்டியிருக்கிறது என்றால் இன்னோர் இடத்திலும் வெட்டியிருக்கலாம் அல்லவா? அதைப் பார்க்கத்தான் 1801-இல் ஃபிளிண்டர்ஸ் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் அனுப்பப்பட்டார். அலை கரையில் உடைவது கப்பல் தளத்திலிருந்து தெரியும் தூரத்தில் ஓட்டுவது, இரவில் விலகிப் போனால் விட்ட முனைக்கே காலையில் திரும்பி வந்து தொடர்வது, இது அவருடைய முறை. ஆற்றுவாயோ நீரிணையோ கண்ணுக்குத் தப்பக் கூடாது. 1802 பிப்ரவரியில் கரை சட்டென்று வடக்கே திரும்பியது, கடலோட்டமும் வந்தது, கப்பலில் எல்லோருக்கும் நீரிணை ஆசை வந்துவிட்டது. தண்ணீர் தேடிப் போன படகு கவிழ்ந்து எட்டுப் பேர் இறந்ததும் அங்கேதான். மார்ச்சில் அந்த நீர்ப்பரப்பின் தலைப்பக்கத்துக்குப் படகில் ஏறிப் போனார்கள். கரைகள் நெருங்கின, ஆழம் குறைந்தது, கடைசியில் அலையாத்திச் செடியும் சேற்றுத்திடலும்தான். இன்று ஸ்பென்சர் வளைகுடா என்கிறார்கள். ஆஸ்திரேலியா இரண்டு தீவுகள் என்ற கருத்துக்கு விழுந்த பெரிய அடி அந்தச் சேறு. ஆண்டு முடிவதற்குள் கார்பென்டாரியாவிலும் தெற்கே வழி கிடையாது என்று கண்டார். அங்கே தச்சர்கள் கப்பலைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரமெல்லாம் உளுத்துவிட்டது, நல்ல வானிலையில் ஓடினாலும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்றார்கள். வடமேற்கையும் மேற்கையும் அவர் அளக்கவே இல்லை. அந்தப் பக்கத்துக்கு டச்சுக் கோடுகளை நம்பினார். 1803 ஜூனில் சிட்னி திரும்பியபோது சுற்று முடிந்திருந்தது.

அதே பயணத்தில் நடந்த ஒரு சந்திப்பு இந்த வாதத்துக்கு மிகவும் உதவுகிறது. 1803 பிப்ரவரியில், வடக்குக் கரையின் ஆர்னெம் நிலத்தருகே, ஆறு படகுகள் நங்கூரமிட்டிருந்தன. கொள்ளையர் என்று பயந்து ஃபிளிண்டர்ஸின் ஆட்கள் துப்பாக்கியோடு நெருங்கினார்கள். வந்தவர்கள் சுலவேசித் தீவின் மக்காசரிலிருந்து கடல் அட்டை பிடிக்க வந்த முஸ்லிம் மீனவர்கள். ராமநாதபுரத்தாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பழக்கமான அதே சரக்கு: அவித்து, காயவைத்து, புகைபோட்டுச் சீனாவுக்கு அனுப்புவது. போபாசு என்ற தலைவர், கப்பலின் மலாய் சமையல்காரர் மொழிபெயர்க்க, 60 படகுகளும் ஆயிரம் ஆட்களும் வந்திருப்பதாகவும், தான் 20 ஆண்டுகளில் ஆறேழு முறை வந்திருப்பதாகவும் சொன்னார். வடமேற்குப் பருவக்காற்றில் வந்து, காற்று திரும்பியதும் போய்விடுவார்கள். கையில் வரைபடம் கிடையாது, ஒரு சின்ன டச்சு திசைகாட்டி மட்டும். இதே நிலத்தில் ஆங்கிலேயர் ஒரு துறைமுகம் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். போபாசுவின் மகன் அந்தத் துறைமுகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார். மாரெகே என்று அவர்கள் அழைத்த அந்தக் கரையை அட்டை கிடைக்கும் திட்டு எது, அடுப்பு மூட்ட விறகு எங்கே, யாரோடு சண்டை, யாரோடு பழக்கம் என்று பக்கம் பக்கமாக அறிந்திருந்தார்கள். அவர்கள் தங்கிய இடங்களில் முளைத்த புளியமரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் இது தீவா கண்டமா என்ற கேள்வி அவர்களுக்கு எழவே தேவையில்லை. கடற்கரையோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இல்லாத அந்தக் கேள்வி, நிலம் முழுவதையும் ஒரே தாளில் வரைந்து ஒரே பெயர் எழுத நினைத்தவருக்குத்தான் வந்தது. பின்னாளில் அந்தத் தாளை வைத்திருந்தவர்கள் சுங்கமும் உரிமச் சீட்டும் கொண்டுவந்து, 1906-07-க்குப் பிறகு மக்காசர் படகுகள் வராமலே செய்துவிட்டார்கள்.

ஒரே பெயர் எழுதும் வேலையை ஃபிளிண்டர்ஸ் சிறையிருந்தபடி செய்தார். ஊர் திரும்பும் வழியில் மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்து 1810 வரை வைத்திருந்தார்கள். 1804-இல் அங்கே வரைந்த முழுப்படத்தில் 'ஆஸ்திரேலியா' என்று எழுதினார். இரண்டு பகுதிகளும் ஒன்றே என்று தெரிந்தபின் ஒரு பகுதியின் பெயரை முழுவதற்கும் வைக்க முடியாது, தாலமி காலத்துத் தென்னிலப் பெயரே பொருந்தும், ஏனென்றால் இதற்கும் தெற்கே இதற்குச் சமமான இன்னொரு நிலம் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு இல்லை என்பது அவர் வாதம். இந்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். நிலத்தை அளந்து பார்த்து இது கண்டம் என்று அவர் முடிவு கட்டவில்லை. வேறு உரிமையாளர் வரப்போவதில்லை என்பதால் இருக்கையைக் கொடுக்கலாம் என்றார். அவருடைய பயணப் புத்தகம் 1814 ஜூலையில் வெளிவந்த மறுநாள் இறந்துபோனார், 40 வயதில். ஆளுநர் மக்குவாரி 1817-இல் பெயரை ஆதரித்தார். 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஏற்றது. இதில் அரசியலும் உண்டு. 1780-களில் பிரிட்டன் கோரியது 135 பாகைத் தீர்க்கக்கோடு வரை மட்டும். மேற்கே டச்சுப் பெயர். நிலம் இரண்டாக இருந்தால் உரிமையும் இரண்டாக இருக்கும். ஒரே கண்டம், ஒரே பெயர் என்று ஆனபின் 1825-இல் கோடு 129 பாகைக்கு நகர்ந்தது, 1829-இல் மீதியும் கோரப்பட்டது. 1901-இல் கூட்டாட்சி உருவானபோது ஒரு தேசத்துக்கு ஒரு கண்டம் என்பது முதல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டனின் முழக்கமாக இருந்தது. அதே அரசமைப்பில், அந்தக் கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் பழங்குடிகளை மக்கள்தொகையில் எண்ணக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. 1967 வாக்கெடுப்புக்குப் பிறகே அது நீங்கியது.

இதையெல்லாம் சொன்ன பிறகும் அளவை வைத்து வாதிடுபவர்கள் விடமாட்டார்கள். பெயர் எப்படி வந்தால் என்ன, ஆஸ்திரேலியாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே மூன்றரை மடங்கு இடைவெளி இருக்கிறது, இயற்கையே அங்கே கோடு போட்டிருக்கிறது என்பார்கள். நல்ல வாதம்தான். அப்படியானால் தண்ணீர் சூழ்ந்த நிலங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா சேர்ந்த ஒரே நிலம் ஏறக்குறைய 8.5 கோடி சதுர கிலோமீட்டர். இரு அமெரிக்காக்கள் 4.2 கோடி. அண்டார்டிகா 1.4 கோடி. பிறகு ஆஸ்திரேலியா, கிரீன்லாந்து, 7.8 லட்சத்தில் நியூகினி. அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே மூன்று மடங்கு; கிரீன்லாந்துக்கும் நியூகினிக்கும் நடுவே கால் குறைய மூன்று, அதாவது சுமார் 2.75 மடங்கு. மூன்றரை மடங்கைப் பள்ளம் என்றால் இவையும் பள்ளம்தான். கோட்டைக் கிரீன்லாந்துக்குக் கீழே போட்டாலும் இதே தர்க்கம் செல்லும். தவிர, அளவே விதி என்றால் ஐரோப்பா எப்படிக் கண்டமானது? அதற்குக் கிழக்கே கடலே இல்லை. யூரல் மலையில் எல்லை என்பது 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் எழுந்த ஏற்பாடு. லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் இரு அமெரிக்காக்களையும் ஒரே கண்டமாகப் படிக்கிறார்கள், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பிள்ளைகள் இரண்டாகப் படிக்கிறார்கள். கிரீன்லாந்தின் வடகோடியை ராபர்ட் பியரி 1900-இல் எட்டும்வரை அது துருவம் வரை நீளாது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஆனால் வடக்கே ஒரு கண்டத்துக்காக யாரும் துண்டு போட்டு வைக்கவில்லை. ஆகவே எல்லை தெரிந்ததும் அது தீவு என்று சத்தமில்லாமல் எழுதப்பட்டது.

நிலவியலார் இன்னும் வலுவான எதிர்வாதம் வைத்திருக்கிறார்கள். கண்டம் என்பது பாறையின் தன்மை. கண்ட மேலோடு தடித்தது, எடை குறைந்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தனித் தட்டு உண்டு, கிரீன்லாந்து வட அமெரிக்கத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உண்மை. ஆனால் தட்டுக் கொள்கை நிலைபெற்றது 1960-களில். பட்டம் கொடுத்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த தகுதிச் சான்றிதழ் அது. அதையும் நேர்மையாகப் பின்பற்றினால் இந்தியாவும் அரேபியாவும் கண்டமாக வேண்டும். தாஸ்மேனியாவும் நியூகினியும் ஆஸ்திரேலியாவோடு சேர வேண்டும். 2017-இல் ஒரு நிலவியலாளர் குழு, 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், 94 விழுக்காடு நீரில் மூழ்கிக் கிடக்கும் சீலாண்டியாவைக் கண்டம் என்று வாதிட்டது. நியூசிலாந்து அதன் நீருக்கு மேலே தெரியும் நுனி. டாஸ்மன் ஒரு வகையில் சரியாகத்தான் நினைத்திருக்கிறார்! காலி இடத்தைக் கண்டத்தால் நிரப்பும் பழக்கம் கடலோடிகளோடு முடியவும் இல்லை. லெமூர்கள் மடகாஸ்கரில் இருக்க, அவற்றின் உறவு விலங்குகள் இந்தியாவில் இருப்பதை விளக்க, 1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டத்தை வைத்தார். லெமூரியா என்ற அந்தப் பெயர் தமிழ் எழுத்தில் பிற்பாடு பெற்ற வாழ்வு நமக்குத் தெரியும். தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அறிவியலுக்கு அந்தக் கண்டம் தேவையற்றுப் போனது.

தீவுக்கும் பெருநிலத்துக்கும் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உயிர்களைப் பொறுத்தவரை வேறுபாடு கடுமையானது. தாஸ்மேனியாவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் பாஸ் நீரிணை ஆழமற்றது; பனியுகத்தின் முடிவில் கடல் ஏறியபோது உண்டானது. அதன்பின் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்த மனிதர்கள் வேறு எவரோடும் தொடர்பின்றி வாழ்ந்தார்கள். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெருநிலத்துக்கு வந்த டிங்கோ நாய் அந்த நீரைத் தாண்டவில்லை. பெருநிலத்தில் அற்றுப்போன பைம்மாப் புலி தாஸ்மேனியாவில் 20-ஆம் நூற்றாண்டு வரை பிழைத்திருந்தது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியது பரப்பளவா என்று பார்த்தால், பரப்பளவைவிட நடுவே உள்ள நீரின் ஆழமும் அது எப்போது புகுந்தது என்பதும்தான். இயற்கையியலாளர் வாலஸ் 1880-இல் தீவு உயிர்கள் பற்றி எழுதிய நூலில் தீவுகளையே இரண்டாகப் பிரித்தார்: கண்டத்திலிருந்து அறுந்தவை, கடலின் நடுவே எழுந்தவை. இலங்கை முதல் வகை, மொரீஷியஸ் இரண்டாவது. இந்தப் பிரிவு உயிர்களைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஏழு கண்டங்களின் பட்டியல் அப்படி எதையும் சொல்வதில்லை.

ஃபிளிண்டர்ஸ் இறந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை, 1820 ஜனவரியில் பெல்லிங்ஸ்ஹவுசன் தலைமையிலான ரஷ்யக் கப்பல்களும், சில நாட்களில் பிரான்ஸ்ஃபீல்டின் பிரிட்டிஷ் கப்பலும் அண்டார்டிகாவின் பனியையும் நிலத்தையும் கண்டன. தெற்கே சமமான நிலம் கிடையாது என்றார் ஃபிளிண்டர்ஸ். இருந்தது, ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன் மேற்குப் பகுதியில் பனியை நீக்கினால் அடித்தளம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குக் கீழே. சிதறிய தீவுகள்தான் மிஞ்சும். ஆனாலும் இன்று அதைக் கண்டம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். தென்னிலம் என்ற பழைய பெயர் அதற்குள் வேறிடம் போய்விட்டதால் புதிதாக ஒரு பெயர் தேட வேண்டியிருந்தது. 1933-இல் பிரிட்டன் அதில் ஒரு பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் விட்டது. இன்று அண்டார்டிகாவில் சுமார் 42 விழுக்காட்டை, 59 லட்சம் சதுர கிலோமீட்டரை, ஆஸ்திரேலியா தனது என்கிறது. பிரிட்டன், நியூசிலாந்து, பிரான்ஸ், நார்வே ஆகிய நான்கு நாடுகள் மட்டும் அதை ஏற்கின்றன. 1959 ஒப்பந்தம் எல்லா உரிமைக் கோரிக்கைகளையும் இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.